ரேம் வாங்குமுன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

2025 கடைசி மாதங்களில் ரேம், அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி, விலை ஏறிய வேகத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. பல வகைகளில் சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. உலகத்துக்கு வேண்டிய மெமரி சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குத் தேவையான மெமரி பக்கம் அவர்கள் ஆலைகளைத் திருப்பியதில், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரவேண்டிய சரக்கு சுருங்கிப்போனது. அந்த டிசம்பரில் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் கடைகளுக்குத் தந்துகொண்டிருந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது.

இப்படி விலை இருக்கும்போது, பொருந்தாத ரேமைக் காசு கொடுத்து வாங்கிவந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ஃபிளெக்ஸ் டிசைன், தமிழிலும் மலையாளத்திலும். கடையில் இருக்கிற எல்லா கம்ப்யூட்டரையும் நானே அசெம்பிள் செய்ததால், அக்கம்பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாக என் மேஜைக்கு வர ஆரம்பித்தன. இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பிள்ளை கேரளப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் படிக்கும், இன்னொன்று பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ காலேஜ் போகும், கம்ப்யூட்டர் வீட்டுக்கு ஒன்றுதான். அது நின்றுபோனால் இரண்டு பேர் படிப்பும் நிற்கும்.

அப்படி ஒரு காலேஜ் பையன் கொண்டுவந்த ரேமை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே இருந்தது.

"அக்கா, ஒரே குச்சியில 16 ஜிபி. ஆன்லைன்ல பாதி விலைக்கும் கம்மியா கிடைச்சுது. போட்டா டிஸ்ப்ளே வரமாட்டேங்குது."

"மதர்போர்டு எதுப்பா?"

"எச்61 க்கா. ஐ5 மூணாம் ஜெனரேஷன்."

எச்61 என்பது பழைய இன்டெல் போர்டு வகை, ஐ5 அதில் இருக்கிற பிராசஸர். ரேமைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தேன். 16 ஜிபி, 2ஆர்எக்ஸ்4, பிசி3எல்-12800ஆர். கடைசியில் இருக்கிற அந்த 'ஆர்' போதும், வேறெதுவும் பார்க்க வேண்டியதில்லை. ரெஜிஸ்டர்டு ரேம் என்று அர்த்தம். சர்வருக்கு மட்டுமே ஆனது. பிராசஸருக்கும் மெமரி சிப்புகளுக்கும் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் சிப் உட்கார்ந்து கட்டளைகளை வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கும். வீட்டு போர்டுக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

"ஸ்லாட்ல கரெக்டா உக்காந்துச்சேக்கா?"

உட்காரத்தான் செய்யும். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறைகளில் சர்வர் ரேமுக்கும் வீட்டு ரேமுக்கும் உலோகப் பின்களின் எண்ணிக்கையும் ஒன்று, நடுவில் இருக்கிற வெட்டும் ஒரே இடத்தில்தான். டிடிஆர்5-இல்தான் வெட்டு இடம் மாறியது. பழைய சர்வர்கள் கழிக்கப்படும்போது இந்த ரேம்கள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. ரேம் நல்ல ரேம், அவன் போர்டுக்குத்தான் ஆகாது. அது மட்டுமல்ல, எச்61 போர்டு ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி வரைதான் ஏற்கும். ஒரே குச்சியில் 16 என்பது எந்த வகையாக இருந்தாலும் அங்கே நடக்காத காரியம். விற்றவர் இதைக் கேட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸ்டிக்கரைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். அவன் கம்ப்யூட்டரில் முதலிலேயே இருந்த பழைய ரேமில் '4 ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு-11' என்று இருந்தது. பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி3எல் என்று இருந்தால் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை. 12800 என்பது விநாடிக்கு 12,800 எம்பி, அதை 8 ஆல் வகுத்தால் 1600, அதுதான் கடைக்காரர் சொல்லும் வேகம். 'யு' என்றால் வீட்டு டெஸ்க்டாப் ரேம், அந்த இடத்தில் 'எஸ்' இருந்தால் லேப்டாப் ரேம், 'ஆர்' இருந்தால் சர்வர். 11 என்பது சிஎல் கணக்கு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 1ஆர்எக்ஸ்8 என்பது ஒரே அடுக்கு, ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். ரேம் ஒரே நேரத்தில் தருகிற 64 பிட்டுக்கு எட்டு சிப். ரேமைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு கறுப்புச் சிப் இருக்கும்.

இந்தக் கடைசி விஷயம் ஏன் முக்கியம் என்றால், பழைய டிடிஆர்3 வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 4 பிட் சிப்புகளை வைத்துச் செய்த மலிவு ரேம்கள், 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டு விற்கப்படுகின்றன. இன்னொரு பிராசஸர் கம்பெனியான இன்டெல்லின் வீட்டு போர்டுகளில் அவை ஓடாது. விலை மட்டும் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவாக இருந்தால் அந்தப் பொடி எழுத்தைத் தேடுங்கள்.

ஆக, கடைக்குப் போவதற்கு முன்னால் செய்யவேண்டியது உங்கள் கம்ப்யூட்டரைத் தெரிந்துகொள்வது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, இப்போது என்ன வேகம் என்று காட்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போர்டின் பெயரையும், ஒவ்வொரு ஸ்லாட்டில் இருக்கிற ரேமின் ஜாதகத்தையும் சொல்லிவிடும். அது காட்டும் வேகம் பாதியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உதாரணத்துக்கு டிடிஆர்4-இல் 1600 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதால்தான் பெட்டியில் 3200 என்று போடுகிறார்கள். போர்டு பெயர் கிடைத்ததும் தயாரிப்பாளர் பக்கத்தில் அந்த போர்டு என்ன வகை, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால் பக்கத்து மூடியைக் கழற்றிப் பாருங்கள், போர்டு மீதே பெயர் அச்சிட்டிருக்கும்.

தலைமுறை மாறினால் ரேம் மாறும், இதில் சமரசமே கிடையாது. டிடிஆர்3 டெஸ்க்டாப் ரேமில் 240 பின், டிடிஆர்4-இலும் டிடிஆர்5-இலும் 288 பின், ஆனால் வெட்டு இடம் வேறு. அழுத்தினால் உள்ளே போய்விடும் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். பழைய போர்டுகளில் குழப்பம் குறைவு. 2021-இல் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறையில் சிக்கல் அதிகம், அந்த பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், போர்டு பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். போர்டு பெயரின் வாலில் டி4, அதாவது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டியில் 2022-இல் வந்த ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டும்தான்.

அடுத்தது, எவ்வளவு வேண்டும்? இதைக் கடைக்காரரிடம் கேட்கவே கூடாது, உங்கள் வேலையிடம் கேட்கவேண்டும். ஒரு நாள் வழக்கமாகத் திறக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 60, 70 சதவீதத்தில் நின்றால் ரேம் உங்கள் குறை அல்ல. 90-க்கு மேல் போய், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் இடம் போதாமல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுத்து மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம்.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 8 அடி ஃபிளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளித் தெளிவில் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் 8640-க்கு 6912, கிட்டத்தட்ட 6 கோடி பிக்ஸல். அச்சுக்கான நான்கு நிறத்தில் ஒரு லேயருக்கு மட்டும் 24 கோடி பைட். பூரம் ஃபிளெக்ஸில் யானை ஒரு லேயர், அம்மன் ஒரு லேயர், கமிட்டிக்காரர்கள் படங்கள் தனித்தனி லேயர் என்று பத்து சேர்ந்தால் இரண்டு ஜிபியைத் தாண்டும், அதோடு செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற மென்பொருள் வைத்துக்கொள்ளும் நகல்கள் வேறு. எனக்கு 32 ஜிபி தேவை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் மூலம் லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், கூடவே பிரவுசர் என்று திறந்தாலும் 8 ஜிபியில் நிம்மதியாக ஓடும். விண்டோஸ் 11, ஆன்லைன் வகுப்பு, இருபது டேப் என்றால் 16 வைத்துக்கொள்ளலாம். 4 ஜிபி இன்று யாருக்கும் போதாது.

8 ஜிபி ஏற்கெனவே இருந்து, விண்டோஸ் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால், ரேமுக்கு வைத்திருக்கிற காசில் எஸ்எஸ்டி என்கிற சுழலாத, வேகமான டிஸ்க் வாங்குங்கள். ரேம் கேட்டு வருகிற பலரிடம் நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

வேகத்துக்கு வருவோம். இதில்தான் ஆசை காட்டி விற்கிறார்கள். பந்தியில் எத்தனை இலை போட்டிருக்கிறது என்பது ஜிபி, பரிமாறுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது வேகம். இலை போதாமல் பாதிப் பேர் வாசலில் நிற்கும்போது பரிமாறுகிறவர் ஓடி ஓடிப் பயனில்லை.

எங்கள் ஊர் மாஷ் ஒருவர், ரிட்டயர்டு. வாத்தியாரை இங்கே மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். பேத்திக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் 8 ஜிபி போதவில்லை என்று ரேம் வாங்கக் கிளம்பினார். கடையில் 3600 வேகத்தில் விளக்கெல்லாம் எரிகிற ரேம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். போர்டு எச்410, பிராசஸர் ஐ5-10400.

"மாஷ், இந்த போர்டுல இந்த பிராசஸரோட 2666-க்கு மேல ஓடாது. 3600 போட்டாலும் அது 2666-லதான் நடக்கும்."

"அப்ப என்ன வாங்கட்டும் அம்மிணி?"

"உள்ள இருக்கிற மாதிரியே இன்னொரு 8 ஜிபி. சாதா டிடிஆர்4. விளக்கு வேண்டாம்."

அவர் வாங்கியது அதுதான். 16 ஜிபியும் ஆயிற்று, இரண்டு பாதையும் திறந்தது.

இந்த இரண்டு பாதை விஷயத்தை யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. வீட்டு பிராசஸர்கள் பெரும்பாலும் ரேமோடு இரண்டு சேனலில் பேசும். ஒரே 16 ஜிபி போட்டால் ஒரு சேனல் சும்மா கிடக்கும், இரண்டு 8 போட்டால் இரண்டும் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீடுகளில் இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் ரைசன் 5600ஜி போன்ற பிராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. கேம் ஆடுகிற பையன்கள் ஒரே குச்சியைப் பக்கத்தில் இன்னொன்று சேர்த்து இரண்டாக்கிய அன்றே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்தில் சொருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும். 4-ம் 8-ம் கலந்து போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். இன்டெல்லில் 8 ஜிபி வரை இரண்டு சேனலிலும், மிச்ச 4 ஒற்றைச் சேனலிலும் ஓடும். வேகம் வேறுபட்டால் மெதுவானதின் வேகத்துக்கு மற்றது இறங்கிவரும். ஆனால் புதிதாக வாங்கும்போது ஜோடியாக ஒரே பெட்டியில் வருவதை வாங்குவதே உத்தமம்.

சிஎல் கணக்கு, அதாவது கேட்ட டேட்டா வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் எத்தனை நானோ விநாடி காத்திருக்க வேண்டும் என்று வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30, அதுவும் 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. இந்த வித்தியாசத்தை வீட்டு வேலையில் உணர்வது கஷ்டம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெட்டியில் எழுதியிருக்கிற பெரிய வேகம் பல ரேம்களில் தானாக வராது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் வரும். காசு கொடுத்துவிட்டு ஆன் செய்யாமலே ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ.

புதிதாக டிடிஆர்5 கம்ப்யூட்டர் எடுக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான்கு குச்சி போடாதீர்கள். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கில் இரண்டு குச்சிக்கு வேகம் 5200, நான்கு போட்டால் 3600. அப்புறம், ரேம் மாற்றி முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். போர்டு ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? எங்களுக்கு ஒரு பக்கம் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர், இன்னொரு பக்கம் சித்தூர் வழியாகப் பாலக்காடு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வரி செக்போஸ்ட்டில் பில் காட்டுகிற தொல்லை இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம்தான், வரியை மிச்சம் பிடிக்க எல்லை தாண்டுவதில் அர்த்தமில்லை. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவேன் என்று வாயைத் திறந்து சொல்கிற கடையில் வாங்குங்கள், கோயமுத்தூரோ பாலக்காடோ. கொஞ்சம் விலை கூட இருந்தாலும் சரி. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். பெயர் பெற்ற ரேம்களுக்கு நீண்ட வாரண்டி உண்டு, அதற்கு பில்லும், கிழியாத ஸ்டிக்கரும், சீரியல் எண்ணும் வேண்டும். வாங்கின அன்றே மூன்றையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், பில் எழுத்து ஒரு கோடையில் மங்கிவிடும்.

லேப்டாப் என்றால் ரேம் போர்டிலேயே ஒட்டி வருகிறதா, ஸ்லாட்டில் வருகிறதா என்பதை வாங்குமுன்பே கேளுங்கள். எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஒட்டியதுதான், பிறகு கூட்ட முடியாது.

வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடுகிற ஊர், ஆனி ஆடியில் கணவாய்க் காற்று மண்ணை அள்ளி வீட்டுக்குள் போடும். ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் துளி மின்சாரம் பிடிக்கிற ஒரு கெப்பாசிட்டரும்தான். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்து 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றைக்கும் அடிப்படை அதுவே. அந்தத் துளி கசிந்துகொண்டே இருக்கும், அதனால் டிடிஆர்3, டிடிஆர்4-இல் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது டிடிஆர்3, டிடிஆர்4 விதி. வீட்டு ரேம் சாதாரணமாக அந்தச் சூட்டுக்குப் போகாது. தூசி மெத்தையாகப் படிந்து, ஃபேன் நின்றுபோன கேபினெட்டில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை தூசி தட்டுங்கள், அதற்குக் காசு இல்லை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை விடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள், விளிம்பைப் பிடியுங்கள், தங்கப் பற்களில் விரல் பட வேண்டாம். பழைய ரேம் என்றால் பள்ளிக்கூட ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாலே பாதி 'டிஸ்ப்ளே வரவில்லை' தீர்ந்துவிடும். உப்புத்தாள் போட்டு விடாதீர்கள், தங்கப் பூச்சு மெல்லிசு. வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டை விரலால் சமமாக அழுத்தினால் கிளிப் 'டிக்' என்று ஏறும். கிளிப் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற போர்டுகளில் மறுமுனையை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.

திரை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கேபினெட்டை மூடிவிடாதீர்கள். மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் ஏற்றி அதில் இருந்து பூட் செய்து, ராத்திரி படுக்கும்போது ஓட விட்டுவிடுங்கள். ரேமின் ஒவ்வொரு அறையிலும் விதவிதமாக எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். காலையில் பிழை பூஜ்யம் என்று இருக்கவேண்டும். ஒன்று இருந்தாலும் விடக்கூடாது. எக்ஸ்எம்பி ஆன் செய்திருந்தால் அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு குச்சியாகத் தனியே போட்டு எது என்று பிடித்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். 'ஒரு பிழைதானே, ஒன்றும் ஆகாது' என்பார்கள். ஆகும். பழுதான ரேம் எப்போதும் நீலத் திரை காட்டாது. சேமித்த ஃபைல் திறக்காது, ஜிப் விரியாது, விண்டோஸ் பாதியில் இன்ஸ்டால் ஆகாமல் நிற்கும், எல்லோரும் ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். ஒரு பிள்ளையின் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போவதற்கு ஒரு பிட் மாறினால் போதும்.

அந்தக் காலேஜ் பையன் சர்வர் ரேமைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிட்டான். செகண்ட் ஹேண்டில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்3, 'யு' போட்டது, என் கடையிலேயே ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போனான். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததாலும், அவன் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாததாலும் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். அவனுக்கு அது புதிது இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. கழற்றிய 4 ஜிபி இப்போது வண்ணாமடையில் ஒரு வீட்டு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. உங்கள் வீட்டில் டிடிஆர்3 ரேம் சும்மா கிடந்தால் ஒரு பழைய ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு எங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். 2 ஜிபியை வைத்துக்கொண்டு தள்ளாடுகிற எச்61 வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன.